குடாவின் வரலாறு – 14: பொன் பூசிய சம்மனசுகள்

சென்ற அத்தியாயத்தைச் சவண்டலை மரத்தோடு நிறுத்தியிருந்தோம். சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேய மரவியாபாரிகளோ அதைத் ‘திருகோணமலை மரம்’ என்றே கணக்கில் எழுதினார்கள். பாரம் குறைவு, உறுதி அதிகம். சென்னைக் கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வந்த மசூலாப் படகுகளின் பலகைக்கும், எண்ணெய்ப் பீப்பாவுக்கும், மாட்டுவண்டிக்கும் அதைத் தேடி வாங்கினார்கள். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளையும் விமானத் தளத்தையும் மாவு ஆலையையும் பார்த்துப் பழகியவர்களுக்கு, இந்தப் பக்கத்துக் காட்டு மரம் ஒன்று நம் ஊரின் பெயரோடு கடல் கடந்து போனது புதிய செய்தியாக இருக்கலாம்.

இந்த அத்தியாயமும் மரத்தைப் பற்றியதுதான். ஆனால் இது இங்கிருந்து போன மரமல்ல. கோவாவிலும் கொச்சியிலும் செதுக்கி, சுண்ணம் பூசி, பொன் ஒட்டி, போர்த்துக்கேயர் போன துறைமுகங்களுக்கெல்லாம் அவர்களோடு போன மரம். கத்தோலிக்கக் கோவில்களின் பீடங்களில் மெழுகுதிரி ஏந்தியும், எக்காளம் ஊதியும், நற்கருணைப் பேழைக்கு இருபுறம் முழந்தாளிட்டும் நின்ற சம்மனசுகள். இந்தச் சம்மனசுகள் நமது குடாவில் ஏன் வேர்விடவில்லை, சுற்றியுள்ள கரைகளில் எப்படித் தங்கின என்பதைச் சொல்லாமல் 17ஆம் நூற்றாண்டை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

1624ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா டி நொரஞ்ஞா கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே சுவாமி மலையின் அடிவாரத்தில் கோட்டை எழுப்பிய காலம் அது. இரட்டைக் கயலும் தமிழ் எழுத்தும் பொறித்த கல் அந்தக் கோட்டை வாசலில் இன்றும் இருக்கிறது. பிறெடெரிக் கோட்டைக்குள் போகும் எவரும் நின்று பார்க்கலாம். அதே ஆண்டுகளில் உரோமையில், புனித பேதுரு பேராலயத்தின் நடுப்பீடத்துக்கு மேல் பெர்னினி ஒரு மாபெரும் வெண்கல விதானம் எழுப்பிக்கொண்டிருந்தார். முறுக்கிய தூண்கள் நான்கு, நான்கு மூலைகளிலும் ஆள் உயரத்தை மிஞ்சிய சம்மனசுகள். 1633இல் வேலை முடிந்தது. அந்த வேலை நடந்தபோதுதான் பாப்பரசர் எட்டாம் ஊர்பான், பழைய உரோமையரின் தேவகோட்டமாகிய பந்தியோனின் முகமண்டபத்திலிருந்து வெண்கல உத்தரங்களைக் கழற்றி உருக்கினார். பெரும்பகுதி பீரங்கிகளாயிற்று. ஒரு பங்கு பெர்னினியின் விதானத்துக்குப் போனதென்று உரோமையர் அன்றே முணுமுணுத்தார்கள்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் முயலவில்லை. பந்தியோன் கட்டடம் நின்றது, நிற்கிறது. கோணேசர் கோவில் நிற்கவில்லை. வழிபாடு நடந்துகொண்டிருந்த ஒரு கோவிலைக் கருவறை வரை இடிப்பதும், எப்போதோ கிறிஸ்தவ ஆலயமாக மாறிவிட்ட ஒரு கட்டடத்தின் உத்தரத்தைக் கழற்றுவதும் ஒன்றாகா. ஆயினும் அக்காலத்து மனப்போக்கு இதில் தெரிகிறது. பழைய வழிபாட்டின் பொருள் புதிய வழிபாட்டுக்கும் அதன் பீரங்கிக்கும் மூலப்பொருளாகலாம் என்று உரோமையிலும் நினைத்தார்கள், திருகோணமலையிலும் நினைத்தார்கள்.

சம்மனசுகளுக்கு வருவோம். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் சொரூபங்களுக்கும் படங்களுக்கும் ஆதரவாகத் தீர்மானித்தபின், கத்தோலிக்க நாடுகளில் பீடத்தின் பின்சுவர் முழுவதும் மரச்சிற்பமாயிற்று. போர்த்துக்கேயர் இதில் எல்லாரையும் முந்தினார்கள். தரையிலிருந்து கூரை வரை திராட்சைக்கொடி சுற்றிய முறுக்குத் தூண்கள், மாடங்கள், சங்கு வளைவுகள், இடைவெளி கண்ட இடமெல்லாம் சிறகு முளைத்த குழந்தை முகங்கள், அனைத்தின்மீதும் பொன். சன்னல் சிறியது, உள்ளே வெளிச்சம் குறைவு, பீடத்தில் மெழுகுதிரிகள் எரியும்போது அந்தப் பொன் முழுவதும் அசையும். பழைய கோவாவின் சே பேராலயத்திலும் அசிசி பிரான்சிசு ஆலயத்திலும் இன்றும் இதைக் கண்ணால் காணலாம்.

ஒரு சம்மனசை உருவாக்கும் விதம் நம் தேர்த்தச்சர்களுக்கும் சொரூபம் செய்வோருக்கும் நன்றாக விளங்கும். முதலில் நன்கு காய்ந்த மரம். மேற்குக் கரையில் தேக்கு பெரும்பாலும் கைகொடுத்தது. மலபார்த் தேக்கு எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு நம் ஊரின் பெயரிலேயே சாட்சி மிதக்கிறது: 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டிய ‘ட்ரிங்கொமலி’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் இன்னமும் நீரில் நிற்கிறது. அதன் முகப்பில் தலைப்பாகை கட்டிய ஒருவரின் மரச்சிற்பம்.

செதுக்கிய உருவத்தின் முதுகை உளியால் குடைந்துவிடுவார்கள். சுவரைப் பார்த்து நிற்கும் முதுகு எவர் கண்ணிலும் படாது. குடைந்தால் பாரம் குறையும், மரம் காயும்போது வெடிப்பும் குறையும். அதனால்தான் பழைய சம்மனசு ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கத்தில் அத்தனை பொன்னும் பின்பக்கத்தில் வெறும் மரத்தில் உளி ஓடிய தடமும் தெரிகின்றன. தோள்பட்டை இரண்டிலும் சதுரத் துளைகள் இருக்கும். சிறகுகளைத் தனியே செதுக்கி, அந்தத் துளைகளில் முளை வைத்துப் பொருத்துவார்கள். காலப்போக்கில் முதலில் கழன்று தொலைவதும் சிறகுதான். சிறகில்லாத பல சம்மனசுகள் பின்னாளில் பெயர் தெரியாத சின்னப் புனிதர்களாக மூலையில் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். துளையைத் தடவிப் பார்த்தால் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

பிறகு பூச்சு. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையை மரத்துக்கு ஊட்டுவார்கள். சீமைச்சுண்ணத்தையோ சிப்சத்தையோ அந்தப் பசையில் குழைத்து, ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாகப் பல பூச்சுகள் பூசி, முட்டையோடு போல வழவழப்பாகும்வரை தேய்ப்பார்கள். அதன்மேல் நெய்போன்ற செம்மண் பூச்சு ஒன்று. பொன்னுக்கு அடியிலிருந்து சூடான நிறத்தைத் தருவது இந்தச் செம்மண்தான். பொன் தேய்ந்த பழைய சம்மனசுகளின் முழங்காலிலும் மூக்கு நுனியிலும் சிவப்பு எட்டிப் பார்ப்பதும் இதனால்தான். செம்மண்ணை நீரால் நனைத்து, மூச்சுக் காற்றுக்கே பறக்கும் பொன் தாளை ஒட்டி, காய்ந்ததும் அகேற்றுக் கல்லால் தேய்ப்பார்கள். அப்போதுதான் மரம் உலோகமாகத் தெரியும். முகம், கை, கால்களுக்கு மட்டும் பொன் கிடையாது. தோல் நிறத்தில் எண்ணெய் வர்ணம். அங்கியில் சிலவேளை பொன்னுக்கு மேலேயே வர்ணம் பூசி, அது முழுதாகக் காயுமுன் கூரிய குச்சியால் கீறிப் பூவேலை செய்வார்கள். கீறிய இடத்தில் உள்ளேயுள்ள பொன் கோடு கோடாக வெளிப்படும். பட்டுச் சரிகை உடுத்தியதுபோல் இருக்கும்.

இதையெல்லாம் செய்தது யார்? வந்திறங்கிய ஐரோப்பியத் தச்சர்கள் சிலர் மாதிரி காட்டியிருப்பார்கள். மற்றபடி உளி பிடித்த கைகள் இந்தியக் கைகள். அவற்றில் இந்துக்களின் கைகளும் ஏராளம். 1567இல் கோவாவில் கூடிய மறைமாநிலச் சங்கம், கிறிஸ்தவரல்லாத கைவினைஞரிடம் சொரூபங்களையும் கோவில் பொருட்களையும் செய்யக் கொடுக்கக் கூடாதென்று தடை விதித்தது. நடக்காத ஒன்றைத் தடுக்கச் சங்கம் கூட்டித் தீர்மானம் எழுத வேண்டியதில்லை. கோவாவின் பிரசங்க மேடைகள் சிலவற்றை நாகினி உருவங்கள் தாங்குகின்றன. இடைக்கு மேல் பெண், இடைக்குக் கீழ் சுருண்ட வால். தேவதூதனைச் செதுக்கச் சொன்னபோது அந்தச் சிற்பி தன் அப்பாவும் பாட்டனும் செதுக்கிய வித்தியாதரரையும் கந்தர்வரையும் கைமறதியாகக்கூட விட்டுவிடவில்லை. தேர்த்தட்டில் பறந்தவர்கள் பீடத்தில் வந்து பறந்தார்கள்.

நமது தீவின் கைகளும் இதில் சளைத்தவையல்ல. 1540களில் கோட்டே இராச்சியத்து அரசன் புவனேகபாகு லிஸ்பனுக்கு அனுப்பிய தந்தப் பேழை இன்று ஜெர்மனியின் மியூனிக்கில் இருக்கிறது. இலங்கைத் தந்தச் சிற்பிகள் செதுக்கிய குழந்தை இயேசுவும் கன்னி மரியாவும் ஐரோப்பியர் விரும்பி வாங்கிய பொருட்கள். அந்தச் சிற்பங்களில் ஆடை மடிப்பு விழும் ஒழுங்கைப் பார்த்தால், அதற்கு முன் அந்தக் கை புத்தர் சிலைக்குச் சீவரம் செதுக்கியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஆகவே, 17ஆம் நூற்றாண்டில் திருகோணமலையிலும் ஒரு பொன்பீடம் வளர்ந்திருக்க எல்லாப் பொருத்தமும் இருந்தது. உளி, மரம், கப்பல், சமயத் துறவிகள் எல்லாம் இருந்தன. இல்லாதது காலம். 1624இல் எழுந்த கோட்டை 1639இல் வீழ்ந்தது. அந்தோனியோ கான் தலைமையில் வந்த ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதைப் பிடித்தார்கள். பதினைந்தே ஆண்டுகள். அதற்குள் கோட்டை கட்டிய கொன்ஸ்தந்தீனு டி சாவும் 1630இல் ஊவாவில் நடந்த போரில் மாண்டுபோனார். கோட்டையில் ஒரு காவற்படையும் அதற்கொரு வழிபாட்டிடமும் என்பதற்கு மேல் இங்கே வேர் இறங்க வாய்ப்பிருக்கவில்லை. பொன்பீடம் என்பது ஒரு தலைமுறை வேலை. அதற்குக் காசு கொடுக்க ஊர் வேண்டும், செபக்கூட்டங்கள் வேண்டும், வருடாவருடம் திருவிழா வேண்டும். வாள் முனையில் நின்ற ஒரு கோட்டையைச் சுற்றி அது வளராது. கோவில் இடித்த கல்லின்மேல் இந்த ஊர் மக்கள் தம் மனதாரப் பொன் ஒட்டியிருப்பார்கள் என்றும் நான் நம்பவில்லை.

வந்த ஒல்லாந்தருக்குச் சம்மனசு என்றாலே ஆகாது. அவர்களுடைய நாட்டிலேயே 1566இல் மக்கள் கூட்டமாகக் கோவில்களுக்குள் புகுந்து சொரூபங்களை உடைத்துப் பீடங்களைச் சரித்தார்கள். இங்கிலாந்திலும் இதே கதை: 1643, 1644ஆம் ஆண்டுகளில் வில்லியம் டவுசிங் என்பவர் பாராளுமன்றத்தின் ஆணையோடு சபொக், கேம்பிரிட்ஜ் மாவட்டக் கோவில்களில் ஏறி இறங்கிச் சம்மனசுகளை எண்ணி எண்ணி உடைத்து, அதை நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். கூரை உயரத்தில் ஏணி எட்டாத இடத்தில் இருந்த மரச் சம்மனசுகள்தாம் பல ஊர்களில் பிழைத்தன. ஒல்லாந்தருக்கு மரச்சிற்பம் பிடிக்காது என்றில்லை. கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தின் பிரசங்க மேடையையும் நாற்காலிகளையும் பார்த்தால் அவர்கள் மரத்தை எவ்வளவு மதித்தார்கள் என்று தெரியும். முகமும் சிறகும் வைத்த மரத்தைத்தான் அவர்கள் தாங்கவில்லை.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கையில் விழுந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில், கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களும் பள்ளிக்கூடங்களுமாயின. அவற்றில் ஊழியம் செய்த பிலிப்பு பல்தேயு 1672இல் வெளியிட்ட நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை ஆலயங்களின் படங்கள் உள்ளன. வெளித் தோற்றம் அப்படியே இருக்கிறது, பீடங்கள் போய்விட்டன. 1663இல் கொச்சி வீழ்ந்தபோது அங்கும் அப்படியே. சாந்த குரூஸ் பேராலயம் ஆயுதக் கிடங்காயிற்று.

இந்த இடத்தில் இரண்டு சமயத்தாரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள் என்பதை நம் ஊரார் கவனிக்க வேண்டும். கோணேசர் கோவில் இடிபட்டபோது அதன் செப்புத் திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டிய தொழிலாளர்களின் கையில் சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்மனும் பிள்ளையாரும் அகப்பட்டார்கள். மூன்று நூற்றாண்டுக்கும் மேலாக மண் அவர்களைக் காத்திருந்தது. ஒல்லாந்தர் வந்தபோது மாந்தையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் 1670 அளவில் தம் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் நடந்தார்கள். வெண்கலத்தைப் புதைக்கலாம், மரத்தைப் புதைத்தால் கறையான் தின்னும். ஆகவே மரம் தோளில் போயிற்று. அதே மடுமாதா 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மறுபடியும் குருமாரின் கைகளில் தேவன்பிட்டிக்குப் போய், ஆகஸ்டில் திரும்பினார். ஒரு சொரூபம் ஏறக்குறைய 338 ஆண்டு இடைவெளியில் இருமுறை இடம்பெயர்ந்திருக்கிறது.

சம்மனசுகளுக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆபத்து வந்தால் மாதாவைத் தூக்குவார்கள், பாதுகாவலரைத் தூக்குவார்கள். பக்கத்தில் மெழுகுதிரி பிடித்து நிற்கும் சம்மனசைத் தூக்க எவருக்கும் கை மிச்சமிருக்காது. பீடத்தோடு நின்றது பீடத்தோடு போயிற்று.

கடலுக்கு அப்பால், நம்மோடு முத்தும் சங்கும் உப்பும் பகிர்ந்துகொண்ட தூத்துக்குடியில் கதை வேறுவிதமாகத் திரும்பியது. அந்தத் துறைமுகமும் 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போனதுதான். ஆனால் அங்கே பரதவர் என்ற முழுச் சமுதாயம் மாதாவைச் சுற்றி நின்றது. முத்துக்குளிக்க அவர்கள் வேண்டும். அவர்களைப் பகைத்தால் ஒல்லாந்தருக்கு வியாபாரமில்லை. ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருந்தபோதே, 1713இல், பனிமய மாதா ஆலயம் அங்கே எழுந்து நேர்ந்தளிக்கப்பட்டது. 1806இல் பரதவர் தலைவர் மாதாவுக்குத் தங்கத்தேர் செய்துவைத்தார். சிற்பமும் பொன்னுமாய், சம்மனசுகள் சூழ மாதா எழுந்தருளும் தேர் அது. தேர் என்ற வடிவமே கோவில் வீதியிலிருந்து வந்தது. வடம் பிடிப்பதும் அப்படியே. வருடாவருடம் ஓடும் தேரும் அல்ல. சிறப்பு ஆண்டுகளில் மட்டும் வரும். ஆலயத்தின் முந்நூறாம் ஆண்டான 2013இலும், பின்னர் 2023இலும் ஓடியது. கோவாவில் சுவரோடு ஒட்டி நின்ற பொன்மரம் தூத்துக்குடியில் வீதிக்கு இறங்கி ஊரைச் சுற்றியது. நம் பங்குகளில் திருநாள் சுற்றுப்பிரகாரத்துக்குச் சோடிக்கும் சொரூபக் கூடுகளைப் பார்க்கும்போது, அவையும் இந்தத் தேரின் சின்னத் தங்கைமாராகவே எனக்குத் தோன்றும்.

கிழக்குக் கரைக்குத் திரும்புவோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன மரவேலை இங்கே பீடமாக நிற்கவில்லை, தொழிலாக நின்றது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் பரம்பரையாகத் தச்சுவேலைக்கும் கொல்லுவேலைக்கும் பேர்போனவர்கள். கத்தோலிக்கர்; வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசியவர்கள்; கலியாணத்தில் கப்ரிஞ்ஞா ஆடுபவர்கள். சீனன்குடாவிலிருந்து தொலைவில்லாத பாலையூற்றில் அவர்களுடைய குடும்பங்கள் பல இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய இழைப்புளிகளையும் நகாசு உளிகளையும் நம் வரலாற்றாசிரியர்கள் ஆவணமாகக் கருதியதே இல்லை. கோட்டைகளைப் பற்றி நூறு கட்டுரை எழுதிய நாம் ஒரு தச்சுப் பட்டறையைப் பற்றி ஒன்றேனும் எழுதியிருக்கலாம்.

1893இல் திருகோணமலை யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாயிற்று. இயேசு சபையாரின் கையில் ஒப்படைக்கப்பட்ட அதற்கு முதல் ஆயராக 1898இல் வந்தவர் சார்ள்ஸ் லவீஞ் என்ற பிரான்சியர். அதற்குமுன் கோட்டயத்தில் சிரியக் கிறிஸ்தவர்களிடையே பணியாற்றியவர். தரைமுதல் கூரைவரை பொன்மரப் பீடங்கள் எழுந்த மலையாளக் கோவில்களைக் கண்டு பழகிய ஒருவர் நமது முதல் ஆயராக வந்தார் என்பது எனக்குச் சிறிய செய்தியாகப் படவில்லை. ஆனால் அவர் வந்த காலத்தில் உளியின் யுகம் முடிந்துகொண்டிருந்தது. பாரிஸ் பட்டறைகளில் அச்சில் வார்த்த சுண்ணச் சொரூபங்கள் உலகெங்கும் கப்பலேறின. விலை குறைவு, முகம் எல்லா ஊரிலும் ஒன்றே. அதன் முன்னே எவருடைய பாட்டிக்கும் செபம் குறைந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு தச்சன் தன் மகளின் கன்னத்தை நினைத்துச் சம்மனசுக்குக் கன்னம் செதுக்கிய காலம் அதோடு போயிற்று.

ஒல்லாந்தர் தொடாமல் விட்ட கரைகளிலும் பெரிய இழப்பு பிறகுதான் வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் குருவானவர் மக்களைப் பார்த்துப் பூசை செய்யத் தொடங்கினார். பீடம் சுவரை விட்டு முன்னே வந்தது. சங்கம் சொரூபங்களை உடைக்கச் சொல்லவில்லை. ஆனால் பழைய மரப்பீடம் இடைஞ்சலென்று பல பங்குகளில் கழற்றினார்கள். சம்மனசுகள் களஞ்சிய அறைக்குப் போய், அங்கிருந்து பழம்பொருள் வியாபாரியிடம் போயின. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத்தெருக் கடைகளில் வரிசையாக நிற்கும் மரச் சம்மனசுகளில் ஒன்றைக் கையில் எடுத்து, எந்தக் கோவிலிலிருந்து வந்ததென்று கேட்டால் பதில் கிடைப்பதில்லை. ஊர் தெரியாத சிற்பத்துக்கு விலை உண்டு, வரலாறு இல்லை.

மிஞ்சியவற்றைக் கெடுப்பது கறையானும் கடற்காற்றும் மட்டுமல்ல. திருநாளுக்கு முன் ஒரு டப்பா பொன்னிறப் பெயின்ற் வாங்கி, பழைய சொரூபங்களை எல்லாம் புதிதாக்கிவிடுகிறோம். பக்தியோடுதான் செய்கிறோம். ஆனால் அந்தப் பெயின்றின் அடியில் செம்மண்ணும் பொன் தாளும் கீறிய பூவேலையும் இருந்தால், அவற்றை மீட்க மிகுந்த பயிற்சி பெற்ற கையும் நிறையப் பணமும் வேண்டும். உங்கள் பங்கின் களஞ்சிய அறையில் மரச்சொரூபம் ஏதாவது இருந்தால் முதலில் அதைப் படம் எடுங்கள். முதுகைத் திருப்பியும் எடுங்கள். குடைந்திருக்கிறதா, தோளில் துளை உண்டா, தேய்ந்த இடத்தில் சிவப்புத் தெரிகிறதா என்று பாருங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். பசையில் ஒட்டிய பொன் நீரில் கரைந்து வரும். மெல்லிய தூரிகை போதும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரைத் தொடாமல், காற்று போகும்படி நிறுத்துங்கள். யார் கொடுத்தது, எங்கிருந்து வந்ததென்று மூப்பருக்கோ பழைய சங்கிலித்தாமுக்கோ தெரிந்ததை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

1639க்குப் பின் நமது குடாவின் அமைதி நீடிக்கவில்லை. ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரான்சியரும் எட்டே மாதங்களுக்குள் இந்தத் துறைமுகத்தைப் பறித்துக்கொண்ட 1782ஆம் ஆண்டு, அடுத்த அத்தியாயத்தில்: ஜனவரியில் ஒஸ்ரன்பேர்க் கோட்டையில் ஏறிய அட்மிரல் ஹியூஸ், ஆகஸ்டில் வந்த பிரான்சிய அட்மிரல் சுவ்ரென், செப்டெம்பர் 3ஆம் நாள் கடற்போர்.